யுகேந்திரன் கோப்பிக்குப் பல் விளக்கிய கதை

யுகேந்திரன் நல்ல உயரம், உயரத்துக்கேற்ற அகலம். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். அங்கே எந்த இயந்திரம் மக்கர் செய்தாலும் முதலில் அவனைத்தான் தேடுவார்கள். ஜெலுத்தோங்கில் யாராவது வீடு மாறினால் அலமாரியைத் தூக்க அவனைத்தான் கூப்பிடுவார்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தலில் விடிய ஆரம்பித்ததிலிருந்து நின்றுகொண்டே மோர் ஊற்றுவான், கால் வலிக்கிறது என்று ஒரு வார்த்தை வராது. நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. அதற்காக அவன் முகம் வாடி யாரும் பார்த்ததில்லை.

அப்படிப்பட்ட ஆள், தெருமுனையில் ஒரு நாய் படுத்திருந்தால் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேறு வழியாகப் போய்விடுவான்.

பள்ளிக்கூடம் படித்த காலத்தில் காலையில் சைக்கிளில் பேப்பர் போடுவான். ஒரு வீட்டு நாய் கேட்டைத் தாண்டிக் குதித்து அவன் காற்சட்டையைக் கவ்விவிட்டது. அவன் சைக்கிளோடும் பேப்பரோடும் லொங்காங்கில் விழுந்தான். சாக்கடைத் தண்ணீர் மூக்குவரை வந்துவிட்டது. நாய் கடிக்கவில்லை. மேலே நின்று எட்டிப் பார்த்து இரண்டு குரை குரைத்துவிட்டுப் போய்விட்டது. ஆனால் அந்த நாயின் பற்களை அவன் அவ்வளவு பக்கத்தில் பார்த்தான். அதற்குப் பிறகு எந்த நாயைப் பார்த்தாலும் அவன் கண்ணுக்கு முதலில் பல்தான் தெரியும்.

இந்த விஷயம் அவனுடைய அக்கா நவமணிக்குத் தெரியும், கூட வேலை செய்கிற வாசுவுக்குத் தெரியும். ஷர்மினிக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டான்.

ஷர்மினி அதே தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தாள். கல்யாணமாகி, அது சரிவராமல் பிரிந்து, ஆயர் ஈத்தாமில் வரிசை வீடுகளில் ஒன்றான ஒரு சின்ன தெரஸ் வீட்டில் தனியாக இருந்தாள். தனியாக என்று யாராவது சொன்னால் உடனே திருத்துவாள். "தனியா எங்க? கோப்பி இருக்கே." கோப்பி அவளுடைய நாய். கேண்டீனில் அவள் பேச்சில் பாதி கோப்பியைப் பற்றித்தான் இருக்கும். யுகேந்திரன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பான். அந்த நாய் தூக்கத்தில் கால் உதைக்கும் என்பது அவனுக்குத் தெரியும். இடி இடித்தால் துணிக்கூடைக்குள் போய் ஒளிந்துகொள்ளும் என்பதும் தெரியும். அவள் சொல்கிற எல்லாவற்றையும் ரசித்தான். நாயை மட்டும் நேரில் பார்க்காமலேயே காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைத்திருந்தான்.

ஒரு நாள் மத்தியானம் ஷர்மினி தட்டில் இருந்த சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். பயிற்சிக்காக அவளை மூன்று மாதம் தைவானுக்கு அனுப்பப்போகிறார்களாம்.

"நல்ல விஷயம்தானே?" என்றான் வாசு.

"நல்ல விஷயந்தான். கோப்பிய என்ன பண்றது? எங்கம்மாவுக்கு மூச்சிரைப்பு, அவங்ககிட்ட விட முடியாது. போன தடவ நாய் பாத்துக்கற இடத்துல விட்டேன், கூண்டுக்குள்ள சாப்புடாமலே கெடந்துச்சு. வேணாம்னு சொல்லிரலாமான்னு பாக்கறேன்."

"நான் பாத்துக்கறேன் லா" என்று ஒரு குரல் கேட்டது.

வாசு திரும்பிப் பார்த்தான். பேசியது யுகேந்திரன். யுகேந்திரனும் யார் பேசியது என்று தேடுகிறவன் மாதிரிதான் உட்கார்ந்திருந்தான்.

"நெசமாவா, யுகேன்?" ஷர்மினியின் முகம் மலர்ந்துவிட்டது.

"அதுல என்ன இருக்கு? சின்ன நாய்தானே."

"சின்ன நாய்னு இல்ல, நடுத்தரம்."

"நடுத்தரம்னா இன்னும் நல்லது" என்றான் யுகேந்திரன். மேசைக்கு அடியில் வாசு அவன் காலை ஓங்கி மிதித்தான். பிரயோசனம் இல்லை. வார்த்தை வெளியே வந்தாகிவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் ஷர்மினி அவனை வீட்டுக்கு வரச் சொன்னாள். கோப்பியைப் பார்த்துக்கொள்வதில் சோறு, தண்ணீர், நடை எல்லாம் சுலபம், ஒன்று மட்டும் நேரில் காட்டித்தான் தரவேண்டும் என்றாள். அவன் கேட்டுக்கு வெளியிலேயே மோட்டாரில் உட்கார்ந்திருந்தான். உள்ளே கோப்பி நின்றது. பால் ஊற்றாத கோப்பியின் நிறம். ஒரு காது நிமிர்ந்திருந்தது, இன்னொன்று மடிந்து தொங்கியது. அவனைப் பார்த்ததும் வாயைத் திறந்து வாலை ஆட்டியது. யுகேந்திரன் வாலைப் பார்க்கவில்லை.

ஷர்மினி தரையில் உட்கார்ந்து நாயை மடியோடு அணைத்துக்கொண்டாள். கையில் குழந்தைக்கு வாங்குவதுபோல ஒரு சின்ன பிரஷ்.

"இதுக்குத் தினமும் பல்லு விளக்கணும்" என்றாள்.

யுகேந்திரனுக்குக் காதில் சரியாக விழவில்லை. "என்ன விளக்கணும்?"

"பல்லு. போன வருசம் ஒரு பக்கமாவே சாப்புட்டுச்சு. வாயில ஒரே நாத்தம். நாய்னா அப்படித்தான் நாறும்னு நானும் விட்டுட்டேன். கிளினிக்குக்குக் கொண்டு போனா, ஈறெல்லாம் புண்ணு. மயக்க மருந்து குடுத்து சுத்தம் பண்ணி நாலு பல்லப் புடுங்குனாங்க. வீட்டுல தினமும் தேய்க்கலன்னா மறுபடியும் வரும்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

பேசிக்கொண்டே அவள் நாயின் மேலுதட்டை ஒரு விரலால் தூக்கினாள். அவன் மோட்டாரைக் காலால் ஒரு அடி பின்னால் தள்ளினான். பிரஷைச் சாய்த்துப் பிடித்து, பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் மெதுவாக வட்டமாகத் தேய்த்தாள். வெளிப்பக்கம் மட்டும் போதும், உள்பக்கத்தை நாக்கே பார்த்துக்கொள்ளும் என்றாள். எலும்பு மட்டும் கொடுக்கவே கூடாது என்றும் சொன்னாள். பேஸ்ட் நாய்க்கென்றே செய்தது, கோழி வாசம் அடிக்கும்.

"நம்ம பேஸ்ட்ட மட்டும் போட்டுராதீங்க. நாம துப்பிருவோம், அது முழுங்கிரும். சில பேஸ்ட்டுல போடற இனிப்பு நாய்க்கு விஷம். கிட்ட வாங்களேன், யுகேன், நல்லாப் பாருங்க."

"இல்ல இல்ல, இங்கருந்தே தெளிவாத் தெரியுது."

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னபோது நவமணி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கணவர் இறந்தபிறகு தம்பியோடு வந்து தங்கியவள். காலையில் ஜெலுத்தோங் பசாரில் இடியப்பம் விற்கிறாள், அவள் கடைக்கு முன்னால் வரிசை நிற்கும். பிசைவதை நிறுத்திவிட்டுத் தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ? நாய்?"

"மூணு மாசந்தான் அக்கா."

"அந்தப் புள்ள யாருடா?"

"கூட வேலை செய்றாங்க."

"கூட வேலை செய்றவங்க நாயெல்லாம் நீ வாங்கிட்டு வர ஆளா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மறுபடி பிசைய ஆரம்பித்தாள். "சாமி அறைப் பக்கம் வரக்கூடாது. அது வாய்க்குள்ள கைய விட்டா, சோப்புப் போட்டுக் கழுவாம என் அடுப்பங்கரைக்குள்ள நீயும் வரக்கூடாது."

ஷர்மினி விமானம் ஏறிய அன்று கோப்பி முன் கூடத்தில் கேட்டைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. தட்டில் வைத்த சாப்பாட்டை மோந்துகூடப் பார்க்கவில்லை. யுகேந்திரன் சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, நாற்காலியை இழுத்துத் தன் காலுக்கு முன்னால் அரண் மாதிரி வைத்துக்கொண்டான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ரொம்ப நேரம் இருந்தார்கள். நவமணிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் நாயின் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே தட்டைப் பக்கத்தில் தள்ளி வைத்தாள். "சாப்புடுப்பா, வந்துருவா ஒங்கம்மா" என்றாள். கோப்பி இரண்டு வாய் தின்றது.

பல் விளக்குவதற்கு யுகேந்திரன் ஒரு யோசனை செய்தான். பழுது பார்க்கிறவன் மூளை அப்படித்தானே போகும். நீளமான அகப்பையின் நுனியில் பிரஷை ரப்பர் வளையம் போட்டுக் கட்டினான், பேஸ்டைப் பிதுக்கினான், மேசைக்குப் பின்னால் நின்றபடியே நீட்டினான். கோப்பி எழுந்து வந்து கோழி வாசத்தை மோந்தது. பிறகு பிரஷை அகப்பையோடு சேர்த்துக் கவ்வி இழுத்துக்கொண்டு சோபாவுக்கு அடியில் போய்விட்டது.

"டேய், அது என் சாம்பார் அகப்பைடா!" என்று நவமணி கத்தினாள்.

மறுநாள் கிளினிக்குக்குப் போன் செய்தான். கோப்பியை முன்பு பார்த்த டாக்டர் அதிராவே பேசினார். நடந்ததை அவன் ஒளிக்காமல் சொன்னான். அந்தப் பக்கம் டாக்டர் இருமினார். சிரிப்பை அடக்குகிறார் என்று புரிந்தது.

"ஷர்மினிகிட்ட அது பழகிருச்சு, ஒங்ககிட்ட பழகல. அதனால முதல்லேருந்து ஆரம்பிக்கணும்" என்றார் டாக்டர். "பிரஷை எடுக்கவே வேணாம். கொஞ்சம் பேஸ்ட்ட விரல்ல தடவி நக்க விடுங்க. நாலஞ்சு நாளைக்கு அவ்வளவுதான். அப்புறம் உதட்ட லேசாத் தூக்கிட்டு விட்டுருங்க. அதுக்குப் பழகினதும் விரல்ல ஈரத்துணியச் சுத்தி முன்பல்ல தொடுங்க. கடைசியாத்தான் பிரஷ். திமிறினா விட்டுருங்க, மல்லுக்கட்டாதீங்க. முடிஞ்சதும் பாராட்டுங்க."

"விரல்லயா, டாக்டர்?"

"விரல்லதான். அகப்பையில இல்ல."

அன்று சாயங்காலம் யுகேந்திரன் வேலையிலிருந்து வந்து குளித்து, திருநீறு பூசிக்கொண்டு, கூடத்தில் தரையில் உட்கார்ந்தான். சுண்டுவிரல் நுனியில் பேஸ்டைத் தடவினான். பத்து விரலில் ஒன்று போவதென்றால் இது போகட்டும் என்று கணக்குப் போட்டிருந்தான். கையை நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சூடாக, ஈரமாக, சொரசொரப்பாக ஒன்று விரலைத் துடைத்துவிட்டுப் போயிற்று. அவன் கையை இழுத்து விரலை எண்ணுகிற மாதிரி பார்த்தான். எல்லாம் இருந்தது. கோப்பி உட்கார்ந்து, இன்னும் இருக்கிறதா என்பதுபோல மடிந்த காதை ஆட்டிக்கொண்டு பார்த்தது.

"இன்னும் வேணுமாம்டா" என்றாள் நவமணி.

அதற்குப் பிறகு வேலை முன்னேறியது, ஆனால் அவன் வேகத்தில் இல்லை, நாயின் வேகத்தில். உதட்டைத் தூக்கிப் பார்த்த முதல் நாள் அவனுக்கு வியர்த்து ஊற்றியது. நாய் கொட்டாவி விட்டது. துணி சுற்றிய விரலால் கோரைப்பல்லைத் தொட்டபோது, தான் இருபத்தைந்து வருடமாகப் பயந்த பொருள் இதுதானா என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. வழவழவென்று, லேசாக மஞ்சள் பூத்து, கீழே ரோஜா நிற ஈறு. இயந்திரத்தைக் கழற்றிப் பார்க்கும்போது வருகிற அதே அக்கறை அவனுக்கு மெல்ல வந்தது. எந்தப் பல்லின் ஓரத்தில் அழுக்குக் கட்டுகிறது, எங்கே ஈறு கொஞ்சம் சிவந்திருக்கிறது, எங்கே நாலு பல் பிடுங்கின இடைவெளி இருக்கிறது என்று அவனுக்கு வாய் முழுக்க மனப்பாடம் ஆகிவிட்டது.

ஷர்மினி தினமும் அந்த நேரத்துக்குத் தைவானிலிருந்து கூப்பிடுவாள். நவமணி போனைப் பிடிப்பாள், ஷர்மினி திரையில் பார்ப்பாள். பிரஷ் வைக்க ஆரம்பித்த வாரத்தில் ஒரு நாள் அவள் பேச்சை நிறுத்திவிட்டுக் கூர்ந்து பார்த்தாள்.

"யுகேன், ஒங்க கை ஏன் நடுங்குது?"

"நடுங்கலயே. போனு ஆடுது."

"போன நான்தான் புடிச்சிருக்கேன், ஆடல" என்றாள் நவமணி.

"யுகேன், ஒங்களுக்கு நாய்னா பயமா?"

கோப்பியின் உதடு அவன் கட்டைவிரலில் தொங்கிக்கொண்டிருந்தது. பிரஷ் அந்தரத்தில் நின்றது.

"கொஞ்சம்" என்றான் கடைசியில்.

"அப்புறம் எதுக்கு நான் பாத்துக்கறேன்னு சொன்னீங்க?"

"லைன் சரியா கேக்கல, ஷர்மினி. ஹலோ? ஹலோ?"

லைன் நன்றாகவே கேட்டது என்று அக்கா அப்புறம் அவளுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். தம்பிக்குச் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழிந்திருக்கும். கோப்பியும் அவனும் சாயங்காலம் ஒன்றாக நடக்கப் போனார்கள். அவன் வேலையிலிருந்து மோட்டாரை நிறுத்துகிற சத்தத்துக்கே நாய் எழுந்து கேட்டுக்கு வந்தது. நவமணிக்கும் அதன்மேல் பிரியம் வந்துவிட்டது. ஆனால் அது தினமும் உலர்ந்த உருண்டை உருண்டையான தீனியையே தின்பதைப் பார்க்க அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தாள். மசாலா போடுமுன் நல்ல தொடையெலும்பு ஒன்றைத் தனியாக அவித்து, சாயங்காலம் கோப்பிக்குப் பல் விளக்கி முடித்து யுகேந்திரன் குளிக்கப் போன நேரம் பார்த்து அதற்கு வைத்தாள். அது வாலை ஆட்டிக்கொண்டு கடித்த சத்தம் பின்வாசல் வரை கேட்டது.

மறுநாள் சாயங்காலம் யுகேந்திரன் வழக்கம்போல மேலுதட்டைத் தூக்கினான். பிரஷ் பின்பக்கம் போனதும் கோப்பி வீறிட்டது. தலையை உதறியதில் பல் அவன் ஆள்காட்டி விரலில் இறங்கியது. ரத்தம் எட்டிப் பார்த்தது. நவமணி "ஐயோ" என்று எழுந்துவிட்டாள். இனி அவன் வாசல் தாண்டி ஓடப்போகிறான் என்றுதான் நினைத்தாள்.

அவன் ஓடவில்லை. விரலைப் பார்க்கக்கூட இல்லை. "இரு, இரு, ஒன்னுமில்லப்பா" என்று நாயின் கழுத்தைத் தடவினான். அது நடுங்கிக்கொண்டே அவன் முழங்காலில் முகத்தை வைத்தது. கொஞ்சம் பொறுத்து உதட்டை நூலளவு விலக்கிப் பார்த்தான். மேல்வரிசையில் பின்னால் இருக்கிற பெரிய கடைவாய்ப்பல், நேற்று முழுசாக இருந்தது. இன்றைக்கு ஒரு பக்கம் சில்லு மாதிரி பிளந்து, நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது.

"அக்கா, இது எதையாவது கடிச்சுச்சா?"

நவமணி முந்தானையைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். "ஒரு எலும்புதான்டா குடுத்தேன். நாய்னா எலும்பு திங்கத்தானே செய்யும்?"

மோட்டாரில் நாயை ஏற்ற முடியாது. கார் வைத்திருக்கிற வாசுவுக்குப் போன் போட்டான். வாசு கெரெத்தாவோடு வந்து இறங்கி, நண்பன் நாயைக் குழந்தை மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

"டேய், நீதானா இது?"

"கதவத் தொறடா."

டாக்டர் அதிரா விளக்கை அடித்துப் பார்த்தார். பல் வேர்வரை உயிர்ச்சதை தெரியப் பிளந்துவிட்டது, எக்ஸ்ரே எடுத்துவிட்டு மயக்கம் கொடுத்துப் பிடுங்குவதுதான் நல்லது என்றார். கோழியெலும்பு, ஆட்டெலும்பு, மாட்டெலும்பு, கொம்பு, எதுவானாலும் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத அளவு கெட்டியாக இருந்தால் நாயின் பல்லுக்கு ஆகாது என்று நவமணிக்கு விளக்கினார். நவமணி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

"ஆனா ஒன்னு" என்றார் டாக்டர், யுகேந்திரனின் விரலுக்குக் கட்டுப் போட நர்ஸிடம் சொல்லிக்கொண்டே. "நாய் வலிய வெளிய காட்டாது. நீங்க தினமும் வாயப் பாக்கறதாலதான் இன்னைக்கே தெரிஞ்சிச்சு. இல்லன்னா சீழ் கட்டி கன்னம் வீங்கினப்புறந்தான் கொண்டு வந்திருப்பீங்க. அப்புறம், ஒங்க விரலுக்கும் ஊசி போடணும். இப்பவே மனுசங்க கிளினிக்குக்குப் போயிருங்க."

"முதல்ல ஷர்மினிக்குச் சொல்லணும்" என்றான்.

நாய் அவளுடையது, அவளைக் கேட்காமல் பல்லைப் பிடுங்க முடியாது. கிளினிக் வாசலில் நின்று கூப்பிட்டான். விஷயத்தைச் சொன்னான். அக்கா பேரை எடுக்கவில்லை, எலும்பு தின்றுவிட்டது என்று மட்டும் சொன்னான்.

அந்தப் பக்கம் ஷர்மினியின் குரல் உடைந்தது. "எலும்பு வேணாம்னு சொல்லிட்டுத்தானே போனேன், யுகேன். ஏற்கனவே நாலு பல்லு இல்ல அதுக்கு."

"சொன்னீங்க."

"அப்புறம் எப்படி?"

அதற்குள் நவமணி அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கிவிட்டாள்.

"அம்மாடி, எலும்பு குடுத்தது நான்தான். அவனுக்குத் தெரியாது. திட்டறதுன்னா என்னையத் திட்டு. இவன் அந்த நாய் கடிச்சதுல ரத்தம் சொட்டச் சொட்ட அதத் தூக்கிட்டு ஓடியாந்திருக்கான். ஒனக்குத் தெரியுமா, இவன் நாயக் கண்டா தெருவையே மாத்திப் போற ஆளு. சின்ன வயசுல லொங்காங்கில விழுந்து எந்திரிச்சவன். நீ தவிக்கறியேன்னுதான் தானா ஏத்துக்கிட்டான். எதுக்குன்னு அவன் வாயால சொல்லமாட்டான். எங்கம்மா போறப்பக்கூட அவன் மனசுல உள்ளத அவன் சொன்னதில்ல. நீயே யோசிச்சுக்க."

யுகேந்திரன் "அக்கா!" என்றான். வாசு முகத்தைத் திருப்பிக்கொண்டு கெரெத்தாவின் டயரை உதைத்துப் பார்த்தான். உள்ளேயிருந்த நர்ஸ் ஷாஹிரா கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். யுகேந்திரனுக்கு ஜெலுத்தோங் லொங்காங் எதுவாவது பக்கத்தில் இருந்தால் தானாகவே போய் விழலாம்போல இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து நவமணி போனை அவனிடம் நீட்டினாள். "ஒன்கிட்டதான் பேசணுமாம்."

"யுகேன்" என்றாள் ஷர்மினி. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "புடுங்கச் சொல்லிருங்க. கையெழுத்து நீங்களே போட்டுருங்க. ஒங்க விரல் எப்படி இருக்கு?"

"இருக்கு."

"போயி ஊசி போடுங்க. அப்புறம் எனக்குப் போன் பண்ணுங்க. கோப்பியப் பத்திச் சொல்ல மட்டும் இல்ல. சும்மா பேச."

அன்றைக்கு அவன் அவளோடு பேசியதில் பாதி வார்த்தை "ம்ம்"தான் என்று நவமணி வாசுவிடம் பிறகு சொன்னாள். ஆனால் போனை வைக்க அவனுக்கு மனசு வரவில்லையாம்.

பிடுங்கிய இடம் ஆறுகிறவரை பிரஷுக்கு லீவு. தீனியைத் தண்ணீரில் ஊற வைத்துக் கொடுத்தார்கள். நவமணி அதை மசித்து, கரண்டியால் ஊட்டுவதுபோலப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஆறியபிறகு கோப்பி பிரஷைக் கண்டதும் சோபாவுக்கு அடியில் போய்விட்டது. நியாயம்தானே, அதற்கு அந்த வலி ஞாபகம் இருக்காதா? யுகேந்திரன் கோபப்படவில்லை. பயந்தவனுக்குத்தான் பயந்தவன் கஷ்டம் தெரியும். சோபாவுக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டு, விரலில் பேஸ்டைத் தடவி உள்ளே நீட்டிக்கொண்டு காத்திருந்தான். முதல் நாள் மூக்கு மட்டும் வந்தது. அடுத்த நாள் நாக்கு. மறுபடியும் உதடு, மறுபடியும் துணி, மறுபடியும் பிரஷ். ஷர்மினி திரையில் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சில நாள் அவள் பார்த்தது நாயை இல்லை.

அவள் திரும்பி வந்த அன்று விமான நிலையத்துக்கு எல்லாரும் போனார்கள். கோப்பியை வாசு கெரெத்தாவில் வைத்துக்கொண்டு வெளியே நின்றான். அவளைக் கண்டதும் கோப்பி ஊளையிட்டு, சுற்றிச் சுற்றி ஓடி, அவள் பெட்டியின் மேலேயே ஏறிவிட்டது. ஷர்மினி அதை அணைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், உதட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

"யுகேன், நான் இருந்தப்பகூட இவ்வளவு சுத்தமா இல்ல."

"கீழ் வரிசையில வலது பக்கம் கொஞ்சம் அழுக்குக் கட்டுது" என்றான் அவன். மூன்று மாதம் கழித்து நேரில் பார்க்கிற பெண்ணிடம் சொல்ல அவனுக்கு அதுதான் கிடைத்தது.

"வாயே நாறல."

"ஆமா, கோழி வாசந்தான் வரும்."

நவமணிக்குப் பொறுமை போய்விட்டது. "டேய், நாய் பல்லப் பத்திப் பேசினது போதும்டா."

அவர்கள் அடுத்த ஆண்டு தை மாதம் கல்யாணம் செய்துகொண்டார்கள். கோயிலில் சின்னதாக ஒரு தாலி கட்டு, வந்தவர்களுக்குச் சாப்பாடு, அவ்வளவுதான். டாக்டர் அதிராவுக்கும் பத்திரிகை போயிற்று. அவர் மொய்யோடு ஒரு டஜன் நாய் பிரஷும் கொண்டு வந்தார். ஷர்மினி கோப்பியோடு ஜெலுத்தோங் வீட்டுக்கே வந்துவிட்டாள், ஏனென்றால் நவமணியைத் தனியாக விட அவளுக்கு இஷ்டமில்லை. யுகேந்திரனுக்கு வேறு நாய்களிடம் பயம் போய்விட்டதா என்றால், இல்லை. தெருமுனை நாயைக் கண்டால் இன்னும் திரும்பித்தான் போவான். கோப்பி ஒன்றுதான் அவனுக்கு விலக்கு. இப்போது வேலையிடத்தில் யாராவது தங்கள் நாயின் வாய் நாறுகிறது என்று சொன்னால் அவன் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து வந்து விசாரிப்பான். எந்தப் பக்கம் மெல்லுது, எச்சில் ஒழுகுதா, ஈறு சிவந்திருக்கா என்று கேட்பான். கடைசியில், தேய்க்கிறது அப்புறம் இருக்கட்டும், முதல்ல டாக்டர்கிட்ட ஒருதடவ வாயக் காட்டிருங்க என்று முடிப்பான்.

போன மாதம் பசாரில் நவமணியின் இடியப்பக் கடைக்கு அடியில் ஒரு வெள்ளைப் பூனை வந்து ஒட்டிக்கொண்டது. மீன் கடை சலேஹா அதற்கு மீன் தலை போடுவாள். அதை வாங்கித் தின்றுவிட்டு நவமணியின் காலடியில் வந்து படுக்கும். ஒரு நாள் அதைக் கூடையில் வைத்து வீட்டுக்கே கொண்டு வந்துவிட்டாள்.

"இதுக்கும் கொஞ்சம் பல்லத் தேச்சு விடுடா, தம்பி" என்றாள்.

யுகேந்திரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். நாய்க்கே தேய்த்தவன், பூனை எம்மாத்திரம்? பூனைக்கென்று மீன் வாசம் வீசும் பேஸ்ட், இன்னும் பொடிசான பிரஷ் எல்லாம் வாங்கி வந்தான். விரலை நீட்டினான். பூனை அதை ஒருதடவை நக்கியது. அவன் உதட்டைத் தொட்டான். அடுத்த நொடி பூனை அலமாரியின் உச்சியில் இருந்தது. அவன் முழங்கையில் மூன்று கோடு.

ஷர்மினி சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள். "பூனைய நேருக்கு நேரா நின்னு தொடக்கூடாது, யுகேன். பின்னாலருந்து அணைச்சுக்கணும். அதுக்குத் தோணுற நேரம் பாத்து, ரெண்டு பல்லு, அவ்வளவுதான்."

மத்தியானம் நவமணி கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பூனை தானாக இறங்கி வந்து அவள் மடியில் சுருண்டது. அவள் ரேடியோவில் பாட்டுக் கேட்டுக்கொண்டே அதன் தாடையை வருடினாள், வருடிக்கொண்டே ஒரு விரலால் உதட்டை ஓரமாக ஒதுக்கினாள். பூனை கண்ணை மூடிக்கொண்டு உறுமியது, சந்தோஷ உறுமல்.

"தம்பி" என்றாள், குரலை உயர்த்தாமல். "அந்தப் பிரஷ எடுத்து என் கையில குடு. சத்தம் போடாத. கோப்பிய அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போ."

அவன் பிரஷை எடுத்துக் கொடுத்துவிட்டு, கோப்பியின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் பின்வாசலுக்குப் போனான்.